கிளிக் வருது, கேஸ் வரலை: ஹூஸ்டன் விபத்து வக்கீல் ஆபீஸுக்கு கூகுள் ஆட்ஸ்

வலைவீசி கேட்டது:

வணக்கம். ஹூஸ்டனில் ஒரு பெர்சனல் இஞ்சுரி லா ஃபர்முக்கு கூகுள் ஆட்ஸ் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். சின்ன ஆபீஸ், நான்கு வக்கீல்கள். முன்னால் யாரோ கட்டி வைத்த அக்கவுன்ட் அப்படியே என் கைக்கு வந்திருக்கிறது. மொத்தமும் ஒரே சர்ச் கேம்பெயின். கார் விபத்து, லாரி விபத்து, கடையில் வழுக்கி விழுந்தது, நாய்க்கடி எல்லாம் ஒரே ஆட் குரூப்பில் கிடக்கிறது. எல்லாமே பிராட் மேட்ச், அதாவது கீவேர்டோடு லேசாகத் தொடர்புள்ள தேடலுக்கும் விளம்பரம் போகும். எதைக் கிளிக் செய்தாலும் ஹோம் பேஜ்தான். "கார் ஆக்ஸிடென்ட் லாயர் ஹூஸ்டன்" என்ற கீவேர்டுக்கு குவாலிட்டி ஸ்கோர் (கூகுள் போடும் தர மதிப்பெண்) 3.

டேஷ்போர்டில் கன்வர்ஷன் (கிளிக் செய்தவர் போன் செய்வது, ஃபார்ம் நிரப்புவது போன்ற வெற்றி) எண்ணிக்கை அமோகமாக இருக்கிறது. ஆனால் முதலாளி வக்கீல், "போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, கையெழுத்து விழலை, எல்லாம் குப்பை லீட்" என்கிறார் (லீட் என்றால் கேஸ் ஆகலாம் என்று வரும் விசாரணை). இந்தத் துறையில் ஒரு கிளிக்கின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

முதலில் குவாலிட்டி ஸ்கோரை ஏற்றுவதா, இல்லை எல்லாவற்றையும் எக்ஸாக்ட் மேட்சுக்கு (கீவேர்டின் அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும்) மாற்றுவதா? இன்னொன்று: மாதச் சம்பளத்துக்குப் பதில் கையெழுத்தாகும் ஒவ்வொரு கேஸுக்கும் இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

கீவேர்ட் கருப்பன்:

ஸ்கோர் 3க்கு காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள். எதிர்பார்க்கும் கிளிக் விகிதம், தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், லேண்டிங் பேஜ் (கிளிக் செய்ததும் திறக்கும் பக்கம்) அனுபவம் ஆகிய மூன்றை வைத்துத்தான் 1 முதல் 10 வரை போடுகிறார்கள். நாய்க்கடிக்கும் லாரிக்கும் ஒரே விளம்பரம், ஒரே பக்கம் என்றால் மூன்றுமே அடிவாங்கும். கேஸ் வகைக்கு ஒரு ஆட் குரூப், அதற்கென்று ஒரு பக்கம் என்று பிரியுங்கள். கூகுளே வரிகளைக் கலந்து காட்டும் ரெஸ்பான்ஸிவ் சர்ச் ஆடில் 15 ஹெட்லைன் வரை கொடுக்கலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். அதில் பாதியாவது அந்த கேஸ் வகையைப் பேசட்டும்.

ஒரு எச்சரிக்கை. டேஷ்போர்டில் தெரியும் அந்த எண், எந்த விளம்பரம் மேலே வரும் என்று தீர்மானிக்கும் ஏலத்துக்குள் போவதில்லை, அது நமக்குக் காட்டும் நாடி மட்டும்தான். ஏலம் ஒவ்வொரு தேடலுக்கும் அந்த நேரத்தில் தனியாகக் கணக்குப் போடுகிறது. ஸ்கோர் 8 ஆனாலும் குப்பை போன் குப்பையாகவே வரலாம்.

ராத்திரி இன்டேக்:

கருப்பன் சொன்ன கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் விளம்பரப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி இதே மாதிரி டெக்சாஸ் ஆபீஸ் ஒண்ணுக்கு ராத்திரி ஷிப்ட்ல இன்டேக் எடுத்தேன். விபத்து நடந்தவங்க போன் பண்ணினா முதல்ல பேசுறது நாங்கதான். அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்தா கன்வர்ஷன்ங்கிற வார்த்தையே சிரிப்பா இருக்கும். தம்பி, உங்க அக்கவுன்ட்ல போன் கால் கன்வர்ஷன் எத்தனை செகண்டுக்கு வச்சிருக்காங்கன்னு போய்ப் பாருங்க. பெரும்பாலும் யாரும் தொடாம 60லயே கிடக்கும், அதுதான் டிஃபால்ட்.

60 செகண்ட் யார் வேணா பேசுவாங்க. "என் கேஸ் என்ன ஆச்சு"ன்னு கேக்குற பழைய கிளையன்ட் ஆபீஸ் பேரைத் தேடி, மேல வர்ற விளம்பரத்துல இருக்கிற போன் பட்டனை அழுத்துவார். இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர், ஆஸ்பத்திரி பில்லிங் ஆள், ஏதாவது விக்க வந்தவர் எல்லாரும் அதையேதான் அழுத்துவாங்க. வண்டிக்கு மட்டும் அடி, உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றவர் பத்து நிமிஷம் பேசுவார், பாவம். இத்தனை பேரையும் கூகுள் வெற்றின்னு எழுதிக்கிட்டு, இதே மாதிரி ஆளுங்களை இன்னும் தேடிப் பிடிச்சுக் கொண்டுவரும். அது நம்ம சொன்னதைத்தான் செய்யுது.

அதனால ஸ்கோரும் வேண்டாம், மேட்ச் டைப்பும் வேண்டாம், முதல் வேலை இது: ஒவ்வொரு கிளிக்கோடவும் வர்ற கிளிக் ஐடியை (அந்தக் கிளிக்கோட அடையாளக் குறியீடு) ஃபார்ம்லயும், எந்த விளம்பரத்துல இருந்து போன் வந்ததுன்னு பார்க்குற கால் ட்ராக்கிங்லயும் பிடிச்சு, ஆபீஸ் வச்சிருக்கிற கேஸ் பதிவுல சேர்த்துடுங்க. இன்டேக் ஆள் போனை வச்சதும் ஒரு நிலையைத் தட்டணும். காயம் இருக்கு, சிகிச்சை எடுத்திருக்கார், தப்பு எதிராளி மேல, வேற வக்கீல் இல்லை, காலக்கெடு தாண்டலை. இந்த அஞ்சும் சரின்னா "தகுதி". கையெழுத்து ஆச்சுன்னா "கேஸ்". இந்த ரெண்டையும் ஆஃப்லைன் கன்வர்ஷனா (ஆபீஸுக்குள்ள நடந்த வெற்றியா) கூகுளுக்குத் திருப்பி அனுப்புங்க. 60 செகண்ட் காலை செகண்டரின்னு மாத்திடுங்க. பார்வைக்கு இருக்கட்டும், பிட் போடுறது (ஏலத்துல விலை கேக்குறது) அதை வச்சு நடக்கக் கூடாது.

காலக்கெடு ஏன் அந்தப் பட்டியல்ல இருக்குன்னா, டெக்சாஸ்ல இந்த வகை வழக்குக்குப் பொதுவா 2 வருஷம்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்த விபத்துக்குக் கூப்பிடுறவங்க நிஜமாவே உண்டு. அதே மாதிரி தப்புல பாதிக்கு மேல தன் மேலயே இருந்தா இங்க ஒரு டாலர் கூட வாங்க முடியாது. கலிஃபோர்னியாவுல அப்படி இல்லை, தப்போட விகிதத்துக்குக் குறைச்சுக் கொடுப்பாங்க. இன்னொரு மாநில ஆபீஸோட ஸ்கிரிப்டை அப்படியே காப்பி அடிச்சா இங்கதான் மாட்டும்.

அப்புறம் ஆபீஸ் பேரைத் தேடுறவங்களைத் தனி பிராண்ட் கேம்பெயின்ல அடைச்சு வைங்க. பழைய கிளையன்ட் சத்தம் மொத்தமும் அங்க போயிடும்.

லொக்கேஷன் செட்டிங்கையும் திறந்து பாருங்க. டிஃபால்ட்ல "அங்க இருக்கிறவங்க அல்லது அந்த இடத்துல ஆர்வம் உள்ளவங்க"ன்னு இருக்கும். ஹூஸ்டன் பத்தித் தேடினவங்க எந்த ஊர்ல இருந்தாலும் விளம்பரம் போகும். இருக்கிறவங்களுக்கு மட்டும்னு மாத்துங்க. கூகுள் தேடலுக்கு வெளியில மத்தத் தளங்கள்லயும் விளம்பரம் காட்டுற சர்ச் பார்ட்னர், டிஸ்ப்ளே டிக் ரெண்டையும் எடுத்துடுங்க. தானாவே மாற்றம் செய்ற ரெகமண்டேஷன் ஆன்ல இருந்தா அதையும் அணைச்சுடுங்க.

வலைவீசி:

அக்கா, பார்த்தேன். நீங்கள் சொன்ன 60 அப்படியே இருக்கிறது. லொக்கேஷனும் அதே கதை.

நேற்று சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டில் (மக்கள் நிஜமாகத் தேடிய சொற்களின் பட்டியல்) உட்கார்ந்தேன். "ஐ 45 ஆக்ஸிடென்ட் டுடே" மாதிரி ட்ராஃபிக் செய்தி தேடுகிறவர்கள், போலீஸ் விபத்து அறிக்கையின் நகல் தேடுகிறவர்கள், "இஞ்சுரி லாயர் சம்பளம்" தேடும் மாணவர்கள், இடித்த வண்டிக்கு என்ன விலை தேறும் என்று கேட்பவர்கள்... எல்லாம் நம் காசில். இவை எல்லாவற்றையும் நெகட்டிவில் (இந்தத் தேடலுக்கு விளம்பரம் வேண்டாம் என்ற பட்டியலில்) போட்டுவிட்டேன். கூடவே "வொர்க்கர்ஸ் காம்ப்", "வேலையில் காயம்", "சட்ட உதவி மையம்" ஆகியவையும். சரிதானே?

ராத்திரி இன்டேக்:

அய்யோ, "வேலையில் காயம்" நெகட்டிவை உடனே எடுங்க!

வேற பெரும்பாலான மாநிலங்கள்ல நீங்க செஞ்சது சரி. வேலை செய்ற இடத்துல அடிபட்டா அது வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன் (முதலாளி எடுத்து வச்ச இன்ஷூரன்ஸ்ல இருந்து வர்ற இழப்பீடு) கணக்கு, முதலாளி மேல வழக்குப் போட முடியாது, வக்கீலுக்குப் பெருசா ஒண்ணும் தேறாது. ஆனா டெக்சாஸ்ல தனியார் முதலாளி அந்த இன்ஷூரன்ஸை எடுத்தே ஆகணும்னு சட்டம் இல்லை. எடுக்காதவங்களுக்கு "நான்-சப்ஸ்க்ரைபர்"னு பேர். அவங்க மேல கவனக்குறைவுன்னு நேரடியா வழக்குப் போடலாம். "தொழிலாளி மேலயும் தப்பு இருந்தது"ங்கிற வாதத்தை அந்த முதலாளி எடுக்கவும் முடியாது. நல்ல கேஸ் அது. அது போக ஹூஸ்டன்ல கப்பல்லயும் துரப்பணத் தளத்துலயும் வேலை செய்றவங்க நிறைய. கப்பல் பணியாளர்னா 1920ல வந்த ஜோன்ஸ் ஆக்ட் வழியா முதலாளி மேல வழக்குப் போகும். உங்க நெகட்டிவ் லிஸ்ட் இத்தனை பேருக்கும் கதவைச் சாத்திடுது.

இந்த மாதிரி ஆபீஸுக்கு விளம்பரத் தரம்னா என்னன்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன். நெகட்டிவ் லிஸ்டை இணையத்துல இருந்து இறக்கிப் போடாதீங்க. வக்கீல் பக்கத்துல உட்கார்ந்து, எந்தத் தேடலுக்குப் பின்னாடி கேஸ் இருக்கு, எதுல இல்லைன்னு வரி வரியாக் கேளுங்க. அவர் அலுத்துக்குவார். விடாதீங்க. இன்னொண்ணு, நெகட்டிவ் கீவேர்ட் ஒருமை பன்மையைத் தானாப் பிடிக்காது, ரெண்டையும் போடணும்.

மேட்ச் டைப் பத்திக் கேட்டீங்க. கார், லாரி முக்கிய கீவேர்டெல்லாம் இப்போதைக்கு ஃப்ரேஸும் (கீவேர்டோட பொருள் உள்ள அடங்கின தேடல்) எக்ஸாக்டும். தகுதி லீட் தரவு ஒழுங்கா உள்ள போக ஆரம்பிச்சதும் பிராடைத் தனி கேம்பெயின்ல சின்ன பட்ஜெட்ல விட்டுப் பாருங்க. நான் பிராடுக்கு எதிரி இல்லை. எதை வெற்றின்னு சொல்லிக் கொடுத்தோம்ங்கிறதுதான் முக்கியம்.

விளம்பர வாசகத்துலயே வடிகட்டுங்க. "காயத்துக்கு சிகிச்சை எடுத்தீர்களா?"ன்னு ஒரு ஹெட்லைனை எப்பவும் அதே இடத்துல தெரியிற மாதிரி பின் பண்ணி வச்சா, வண்டிக்கு மட்டும் அடிபட்டவங்க கிளிக் பண்ண மாட்டாங்க. கிளிக் விகிதம் குறையும், ஸ்கோரும் ஒரு படி இறங்கலாம். இறங்கட்டும். ஸ்கோர் 7ல கேஸ் வருதுன்னா 10க்கு ஏற நான் மெனக்கெட மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

அக்காவோடு ஒரு இடத்தில் உடன்படவில்லை. நான்கு வக்கீல் ஆபீஸில் மாதத்துக்கு எத்தனை கையெழுத்து விழும்? அந்தக் கொஞ்ச எண்ணிக்கையில், கூகுளே தானாக விலை கேட்கும் ஸ்மார்ட் பிட்டிங்கால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கையெழுத்து கேஸை மட்டும் முதன்மைக் குறியாக வைத்தால் கேம்பெயின் பட்டினி கிடக்கும். "தகுதி" நிலையை முதன்மையாக வைத்து, அதற்கு மதிப்புக் கொடுப்பதுதான் நடக்கிற காரியம். அதுவும் போன் வந்து ஓரிரு நாளில் அனுப்பிவிட வேண்டும். 90 நாள் தாண்டிய கிளிக்கின் கன்வர்ஷனை கூகுள் ஏற்காது.

மதிப்பு எப்படிப் போடுவது? எல்லா காயமும் ஒரே தொகை இல்லை. டெக்சாஸில் சாதாரணக் கார் ஓட்டுநர் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு ஒரு நபரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000. எலும்பு நாலு இடத்தில் முறிந்திருந்தாலும் எதிராளியிடம் அது மட்டும்தான் இருந்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஓட்டும் கனரக லாரிக்கு மத்திய அரசு விதிப்படி குறைந்தது 750,000 டாலர் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும். ஆகவே தகுதியான கார் லீடுக்கும் தகுதியான லாரி லீடுக்கும் ஒரே மதிப்பை அனுப்புவது அர்த்தமில்லை. வக்கீலின் பழைய கேஸ்களில் கிடைத்த சராசரிக் கட்டணத்தை வகைவாரியாகக் கேட்டு, அந்த விகிதத்தில் மதிப்பைப் பிரியுங்கள்.

ராத்திரி இன்டேக்:

கணக்குப்பிள்ளை சொல்றது சரி, பிட்டுக்கு "தகுதி"யே போதும். "கேஸ்" நிலையையும் அனுப்பிக்கிட்டே இருங்க, ஆனா செகண்டரியா. தகுதின்னு குறிச்சதுல எத்தனை கையெழுத்தாகுதுன்னு பார்த்தாதான் இன்டேக் ஆளுங்க ஒழுங்காக் குறிக்கிறாங்களான்னு தெரியும்.

உங்க முதலாளி வக்கீல் கிட்ட இதையும் கேளுங்க: ராத்திரி பதினொண்ணுக்கு போனை யார் எடுக்குறாங்க? விளம்பரம் 24 மணி நேரமும் ஓடி, ஆறு மணிக்கு மேல வாய்ஸ்மெயில்னா, கூப்பிட்டவர் அடுத்த விளம்பரத்துக்குப் போயிடுவார். மறுநாள் நாம திருப்பிக் கூப்பிடுறப்ப அவர் வேற எங்கயோ கையெழுத்துப் போட்டிருப்பார். அதைக் "குப்பை லீட்"னு எழுதினா எப்படி? ஆள் இல்லைன்னா அந்த நேரத்துக்கு விளம்பரத்தை நிறுத்துங்க, இல்லை ஒரு நல்ல ஆன்சரிங் சர்வீஸ் போடுங்க. ஸ்பானிஷும் அதே மாதிரிதான். "அபொகாதோ தெ அக்ஸிதெந்தெஸ்"னு (ஸ்பானிஷ்ல விபத்து வக்கீல்) தேடுறவங்களுக்குத் தனி கேம்பெயின் நல்லா ஓடும், ஆனா பக்கமும் ஸ்பானிஷ்ல இருக்கணும், போன் எடுக்குறவரும் ஸ்பானிஷ் பேசணும். ரெண்டும் இல்லாம தொடாதீங்க.

வலைவீசி:

ராத்திரி யாரும் இல்லை. கேட்டேன், "காலையில பார்த்துக்கலாம்" என்றார்.

சம்பள விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? அப்படியே இதையும்: பெரிய போட்டி ஆபீஸின் பெயரைக் கீவேர்டாக வாங்கச் சொல்கிறார். செய்யலாமா?

பழைய பாராலீகல்:

சம்பளம்: வேண்டாம். வக்கீல் தன் கட்டணத்தை வக்கீல் அல்லாதவரோடு பங்கு போடக் கூடாது. அமெரிக்க பார் அசோசியேஷனின் (வக்கீல்கள் சங்கம்) மாதிரி விதி 5.4 அதைத்தான் சொல்கிறது, டெக்சாஸ் விதி 5.04லும் அதே தடை. விளம்பரத்துக்கு நியாயமான செலவு கொடுப்பது வேறு, கேஸ் தலைக்கு இவ்வளவு என்பது வேறு. டெக்சாஸில் கேஸ் பிடித்துக் கொடுக்க ஆள் வைப்பது பாரட்ரி என்ற குற்றம் வரைக்கும் போகும். மாதக் கட்டணமாகவே எழுதி வாங்குங்கள்.

போட்டிப் பெயர்: மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வட கரோலினா பார் தன் 2010ஆம் வருட நெறிக் கருத்து 14ல் கூடாது என்றது. நியூ ஜெர்சி 2019ல், கருத்து 735ல், கீவேர்டாக வாங்கலாம் என்றது. டெக்சாஸும் 2016ல், கருத்து 661ல், விளம்பரம் ஏமாற்றாத வரை அதைத் தவறு என்று சொல்லவில்லை. விளம்பர வாசகத்துக்குள் மட்டும் அந்தப் பெயர் வரவே கூடாது. ஆனால் அந்தப் பெயரைத் தேடுகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கனவே அந்த ஆபீஸின் கிளையன்ட்டாக இருப்பார்கள். நான் அந்தக் காசை லாரிக்குப் போடுவேன்.

வாசகம் எழுதும்போது இன்னொன்று. "ஜெயித்தால்தான் கட்டணம்" என்று போட்டால், கோர்ட் செலவு போன்ற மற்றச் செலவுகள் கிளையன்ட் தலையில் விழுமா இல்லையா என்பதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று டெக்சாஸ் விதி இருக்கிறது. டிஸ்க்ரிப்ஷனுக்கு 90 எழுத்து இருக்கிறது, அதில் அடங்கும். ஸ்பெஷலிஸ்ட் என்ற வார்த்தையை, டெக்சாஸ் போர்டு ஆஃப் லீகல் ஸ்பெஷலைசேஷன் சான்றிதழ் அந்த வக்கீலிடம் இருக்கிறதா என்று கேட்காமல் எழுதாதீர்கள். விளம்பரத்தையும் லேண்டிங் பேஜையும் ஸ்டேட் பாரிடம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறதா என்பதை அவரிடமே எழுத்தில் கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள்.

வலைவீசி:

நன்றி எல்லோருக்கும். கிளிக் ஐடியை ஃபார்மில் பிடிக்கும் வேலை முடிந்தது, கால் ட்ராக்கிங் பக்கம் இன்னும் பாக்கி. "நான்-சப்ஸ்க்ரைபர்" கேஸுக்குத் தனிப் பக்கம் எழுதித் தரும்படி வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். "இதுக்கெல்லாம் யாராவது கூகுள்ல தேடுவாங்களா?" என்றார். சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பி வைத்திருக்கிறேன்.