புது கார்: ஷோரூம் அக்சசரி பேக்கில் வேண்டாததை எடுத்துவிட்டு வேண்டியதைப் போடச் சொன்னால் முடியாது என்கிறார்கள். என்ன வழி?

உறையூர்க்காரன்

வணக்கம். திருச்சியில் ஒரு ஷோரூமில் காம்பாக்ட் எஸ்யூவி புக் செய்திருக்கிறேன். பெட்ரோல், நடு வேரியன்ட். கம்பெனிப் பெயரும் ஷோரூம் பெயரும் இங்கே வேண்டாம். புக்கிங் தொகை மட்டும்தான் கட்டியிருக்கிறேன். லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, பேங்கிலிருந்து பணம் இன்னும் போகவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டி எடுக்க வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள்.

எக்ஸ்-ஷோரூம் 9,62,000. சாலை வரி 1,25,060. இன்சூரன்ஸ் 48,500. எக்ஸ்டெண்டட் வாரன்டி 14,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500. இதற்கு மேல் அக்சசரி பேக் என்று 32,400 போட்டிருக்கிறார்கள். அதில் இருப்பது: மேட் 2,800, மட் ஃப்ளாப் 900, சீட் கவர் 8,500, டோர் வைசர் 2,100, சில் கார்டு 1,900, குரோம் கார்னிஷ் 3,400, பார்க்கிங் சென்சார் 3,900, டெஃப்லான் கோட்டிங் 5,500, பாடி கவர் 2,200, பெர்ஃப்யூம், டிஷ்யூ பாக்ஸ், டேஷ்போர்டு பிள்ளையார் சேர்த்து 1,200.

எனக்கு மேட், மட் ஃப்ளாப் போதும். மற்றதற்குப் பதிலாக ரிவர்ஸ் கேமராவும் அலாய் வீலும் கேட்டேன். “பேக்கை உடைக்க முடியாது சார், எல்லா வண்டிக்கும் கம்பல்சரி, உங்கள் வண்டியில் ஏற்கெனவே மாட்டியாச்சு” என்கிறார் எக்ஸிகியூட்டிவ். கேமரா, அலாய் வேண்டுமென்றால் அடுத்த வேரியன்டுக்குப் போகச் சொல்கிறார். அது எக்ஸ்-ஷோரூம் 10,48,000. 86,000 தானே வித்தியாசம், போய்விடலாம் என்று அப்பாவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

கோவை டீசல்

86,000 இல்லை ப்ரோ, அங்கேதான் மாட்டிவிடுகிறார்கள். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கார் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும் 18. 10,48,000க்குப் போட்டுப் பாருங்கள், 1,88,640 வரும். வரி மட்டும் 63,580 கூடுகிறது. விலை வித்தியாசத்தோடு சேர்த்தால் 1,49,580. 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் இப்போது கையிலிருந்து போக வேண்டும். இன்சூரன்ஸும் கொஞ்சம் ஏறும்.

அந்த வேரியன்டில் வேறு ஏதாவது உண்மையிலேயே வேண்டும், ஆட்டோமேட்டிக் மாதிரி, என்றால் யோசிக்கலாம். ஒரு கேமராவுக்கும் நாலு வீலுக்கும் ஒன்றரை லட்சமா?

முன்னாள் சேல்ஸ்

நானும் சில வருஷம் ஷோரூமில் இருந்தவன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

காரில் ஷோரூமுக்கு நிற்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அக்சசரி, இன்சூரன்ஸ், லோன் கமிஷன், இந்த மூன்றில்தான் காசு. எக்ஸிகியூட்டிவுக்கு ஒரு வண்டிக்குச் சராசரியாக இவ்வளவு ரூபாய்க்கு அக்சசரி விற்க வேண்டும் என்று டார்கெட் இருக்கும். அது ரூபாயில்தான் இருக்கும், பொருளில் இல்லை. அதனால் “எனக்கு அக்சசரியே வேண்டாம்” என்று ஆரம்பித்தால் அவர் அந்த இடத்திலேயே காதை மூடிக்கொள்வார். “இந்த எட்டு ஐட்டத்தை எடுத்துவிட்டு கேமரா போடுங்கள், மீதிக்கு என்ன செய்யலாம் என்று மேனேஜரிடம் பேசுவோம்” என்றால் பேச்சு நகரும். பேக்கை உடைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். டீம் லீடருக்கும் சேல்ஸ் மேனேஜருக்கும் உண்டு.

ஃபேக்டரியில் வந்த வேரியன்டை ஷோரூமால் மாற்ற முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். டாப் வேரியன்டின் சீட்டை எடுத்து நடு வேரியன்டில் போடு, டயர் பிராண்டை மாற்று என்று கேட்டால் சிரிப்பார்கள். அக்சசரி கவுன்டரிலும் ஸ்பேர்ஸ் கவுன்டரிலும் பார்ட் நம்பர் உள்ள பொருள்தான் பேரத்துக்கு வரும்.

“ஏற்கெனவே மாட்டியாச்சு” என்பதை நம்பாதீர்கள். சேசிஸ் நம்பர் கேளுங்கள், ஸ்டாக்யார்டுக்கு நேரில் போய் வண்டியைப் பாருங்கள். பெரும்பாலும் பில் போட்ட பிறகுதான் மாட்டுவார்கள். பில் ஆகி, பேங்க் பணம் வந்து, பதிவுக்கு ஏற்றிவிட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். அதனால் பேங்கிலிருந்து பணம் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கோவை டீசல்

இன்னொன்று இப்போதுதான் கண்ணில் பட்டது. பார்க்கிங் சென்சார் 3,900 என்று போட்டிருக்கிறார்களே? 2019 ஜூலையிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். கம்பெனியிலிருந்தே வரும். கேமராதான் கட்டாயம் இல்லை. பின் பம்பரில் வட்ட வட்டமாகத் தெரியும், யார்டில் பாருங்கள்.

நெல்லை வக்கீல்

ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை வைப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வர்த்தக நடைமுறை என்றே வரையறுக்கிறது. அக்சசரிக்கும் பொருந்தும், ஷோரூம் இன்சூரன்ஸுக்கும் பொருந்தும்.

உடனே சட்டம் பேசிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். “பேக் கம்பல்சரி என்று சொல்கிறீர்கள், அதை மெயிலில் எழுதித் தாருங்கள்” என்று மட்டும் கேளுங்கள். யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு ஷோரூம் ஜெனரல் மேனேஜருக்கு நகல் வையுங்கள். கடைசியாக 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஹேண்ட்லிங் சார்ஜையும் விடாதீர்கள். என்ன சேவைக்கு என்று கேளுங்கள். வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவருவது விற்பவர் வேலை.

பாலிசி அக்கா

48,500 என்பதைப் பிரித்துக் கேளுங்கள் தம்பி. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குக் கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருஷம் எடுத்தால் போதும். அதில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளைம் தருவது), இன்ஜின் பாதுகாப்பு, சாவி தொலைந்தால், டயர் என்று என்னென்ன ஆட்-ஆன் ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஆட்-ஆன் வைத்து வெளியே இரண்டு கொட்டேஷன் வாங்கி மேஜையில் வையுங்கள். வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் டை-அப் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, பாலிசியை யார் விற்றார்கள் என்பது இல்லை.

பழைய கார் விற்றீர்களா? நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷத்துக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) இருந்தால் அதற்கு லெட்டர் வாங்கிப் புதுக் காருக்குக் கொண்டுவரலாம். ஷோரூம் கொட்டேஷனில் இதை அவர்களாகப் போட மாட்டார்கள்.

டயர் கடை

அலாய் பற்றி நான் சொல்கிறேன். ஷோரூமில் ஜெனியூன் அலாய் கேட்டால் விலை கண்ணைக் கட்டும், ஆனால் அளவில் பிரச்சினை வராது. வெளியே போட்டால் அதே இன்ச், அதே அகலம், அதே ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) பாருங்கள். நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும், பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறும். அழகுக்காக ஒரு இன்ச் ஏற்றுகிற வேலை வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்று: சில அலாய்க்கு நட் வேறு. ஸ்டெப்னி இரும்பு ரிம்மாகவே இருக்கும். பழைய நட் ஒரு செட்டை டிக்கியில் டூல் பையோடு போட்டு வையுங்கள். ராத்திரி பஞ்சரானால் அலாய் நட்டை வைத்துக்கொண்டு இரும்பு ரிம்மைச் சரியாக முடுக்க முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். வீல் கப்போடு வந்த புது இரும்பு ரிம்மை விற்காமல் விட்டுவிடாதீர்கள், நல்ல விலைக்குப் போகும்.

முன்னாள் சேல்ஸ்

சீட் கவர் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியில் பாதி விலை என்று எல்லோரும் சொல்வார்கள். முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன டேக் தொங்கினால், அந்த ஓரத்தில் பிரியும் தையல் உள்ள கவர்தான் போட வேண்டும். அதைத் தெரிந்து தைக்கிற கடை கிடைக்காவிட்டால் ஷோரூம் கவரே மேல், அல்லது கவரே வேண்டாம்.

கேமராவை மட்டும் வெளியில் போடாதீர்கள். உங்கள் ஸ்கிரீனுக்கு ஏற்ற கப்ளர் உள்ள ஜெனியூன் கேமரா கேளுங்கள். ஒயரை வெட்டி ஒட்டினால், நாளைக்கு எலெக்ட்ரிக்கலில் எது போனாலும் வாரன்டியில் கை வைத்துவிடுவார்கள்.

உறையூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். சீட்டில் கம்பெனி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. டோர் வைசர், குரோம், எதுவும் கிடையாது. பின் பம்பரில் சென்சார் கம்பெனியிலிருந்தே இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டு நேராக சேல்ஸ் மேனேஜரிடம் போனேன். கொட்டேஷனில் சென்சாருக்கு 3,900 போட்டிருந்ததைக் காட்டியதும் “பிரின்டிங் மிஸ்டேக்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன், ஆனால் அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

மேட், மட் ஃப்ளாப் 3,700. ஜெனியூன் கேமரா 7,800, மாட்டக் கூலி இல்லை. மற்ற அக்சசரி எல்லாம் போய்விட்டது. பேக்குக்குத் தருவதாகச் சொன்ன 10,000 தள்ளுபடி இனி இல்லை என்றார், கடைசியில் 6,000 தர ஒப்புக்கொண்டார். ஹேண்ட்லிங் சார்ஜ் எடுக்கப்பட்டது. வாரன்டியை நானே வைத்துக்கொண்டேன். இன்சூரன்ஸுக்கு வெளிக் கொட்டேஷன் காட்டியதும் 9,000 சொச்சம் இறங்கினார்கள், அதனால் அவர்களிடமே எடுக்கிறேன். அலாய்க்கு அவர்கள் 41,000 கேட்டார்கள். அது வெளியில்தான். பிள்ளையார் மட்டும் இலவசமாகத் தருகிறார்களாம், அம்மாவுக்கு அதுதான் சந்தோஷம்.

இரண்டு சந்தேகம். இதெல்லாம் வாய்ப்பேச்சுதான், எப்படி உறுதி செய்வது? அலாயை டெலிவரிக்கு முன்பே பாலிசியில் சேர்க்க வேண்டுமா?

நெல்லை வக்கீல்

திருத்திய ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (பில்லுக்கு முன் தரும் விலைப் பட்டியல்) கேளுங்கள். ஒவ்வொரு அக்சசரியும் தனி வரியாக, பார்ட் நம்பரோடு, சேசிஸ் நம்பர் குறிப்பிட்டு, மேனேஜர் கையெழுத்தோடு இருக்கட்டும். 6,000 தள்ளுபடி எந்த வரியில் கழிகிறது என்பதும் அதில் தெரிய வேண்டும். பேங்குக்கு அந்தத் தாளைத்தான் கொடுக்க வேண்டும், பழைய கொட்டேஷன் அங்கே இருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். புக்கிங் ஃபார்மின் பின்பக்கத்தையும் படியுங்கள். டெலிவரி அன்றைய விலையே செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஆடியில் பேசிய தள்ளுபடி ஆவணியில் பில் போடும்போது இல்லை என்று சொல்ல அந்த வரி போதும். தள்ளுபடி எந்தத் தேதி வரை செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள்.

பாலிசி அக்கா

அலாய் மாட்டின பிறகு ஜிஎஸ்டி பில்லையும் போட்டோவையும் அனுப்பி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்த்து எழுதுவது) கேளுங்கள் தம்பி, கொஞ்சம் பிரீமியம் கூடும். அதைச் செய்யாமல் விட்டால் திருட்டுப் போனாலும் விபத்தில் உடைந்தாலும் அலாய்க்குக் காசு கேட்க முடியாது. கேமராவையும் மறக்காமல் முதலிலேயே பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள், அதுவும் கம்பெனியில் வராத பொருள்தான்.

முன்னாள் சேல்ஸ்

முகூர்த்த நாளில் ஷோரூம் கல்யாண வீடு மாதிரி இருக்கும், ஒன்றையும் நிதானமாகப் பார்க்க விட மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே போய், ரிவர்ஸ் கியர் போட்டுக் கேமரா வருகிறதா, கோடு நேராக விழுகிறதா, இருட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். விற்பனைச் சான்றான ஃபார்ம் 21இல் தயாரித்த மாதம், வருஷம் இருக்கும், யார்டில் பார்த்த அதே சேசிஸ் நம்பர்தானா என்றும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.