பழைய ராலே ஸ்போர்ட்ஸ்: புது பி.பி. கப்பு ரெண்டரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை

மூணுகியர்:

சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிய ராலே ஸ்போர்ட்ஸ் சைக்கிள் போன மாசம் என் கைக்கு வந்தது. பச்சை நிறம். மட்கார்டு, செயின் கவர் எல்லாம் பழசே. பின் சக்கரத்தின் நடுவே மூன்று கியரும் அடங்கிய ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ என்றும், பக்கத்தில் 62, 7 (செய்த வருஷம், மாசம்) என்றும் பொறித்திருக்கிறது. "பெயின்ட் மட்டும் அடிச்சிடாதடா" என்று சொல்லித்தான் பூட்டுச் சாவியைக் கொடுத்தார். அதனால் முடிந்தவரை பழைய சாமானே இருக்கட்டும் என்று பார்க்கிறேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, மிதிக்கும்போது கீழே கடக் கடக் என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் பி.பி. (பாட்டம் பிராக்கெட், ஃப்ரேமின் அடியில் பெடல் ஆக்சில் சுற்றும் இடம்) ஆக்சிலில் பால்ஸ் ஓடும் தடம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. பால்ஸைத் தாங்கி ஃப்ரேமில் மரையாக ஏறும் கப்பு, அதில் புது செட் ஒன்று வாங்கினேன். இடது கப்பு கையால் ரெண்டரைச் சுற்று அழகாக ஏறுகிறது, அப்புறம் இறுகி நிற்கிறது. மெக்கானிக் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து "அழுத்திப் போட்டா தானா வழி பண்ணிக்கும்" என்றார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். (பெடல் மாட்டும் கிராங்கை ஆக்சிலோடு பிடிக்கும் காட்டர் பின்னைக் கழற்ற அவர் சுத்தியலால் போட்ட போடே இன்னும் காதில் இருக்கிறது. பின்னின் மரை காளான் மாதிரி விரிந்துவிட்டது.)

இரண்டு, டயர். பழைய டயரில் 26 × 1⅜ என்று இருந்தது. கடைக்காரர் 26 × 1.375 கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான், கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார். கணக்கு சரிதான். டயர் ரிம்மில் ஏறவே இல்லை.

மூன்று, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது சில சமயம் பெடல் காற்றில் சுற்றுகிறது. ஹப்பையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பழையஇரும்பு:

தம்பி, ஸ்பானரைத் தடுத்தீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது.

உங்க ஃப்ரேமில் இருப்பது ராலே தனக்கென்று வைத்துக்கொண்ட மரை. மற்ற இங்கிலீஷ் சைக்கிள்களில் பி.பி. கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை. ராலே ஆலை 26 போட்டது. விட்டம் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால்தான் முதல் ரெண்டு மூன்று சுற்று ஏமாற்றும். அதற்கு மேல் ஸ்பானர் போட்டால் கப்பு வழி பண்ணிக்கொள்ளாது, ஃப்ரேமின் மரையைத்தான் தின்னும்.

ஸ்கேல் வைத்து எண்ணினால் தெரியுமா என்றால், கஷ்டம். அரை அங்குலத்தில் 12-க்கும் 13-க்கும் ஒரே ஒரு மரைதான் வித்தியாசம். அரை அங்குலத்துக்குக் கப்பில் மரையே இருக்காது. நான் செய்வது இது: பழைய கப்பையும் புதுக் கப்பையும் மரையோடு மரை சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். ஒரே மரை என்றால் பல்லோடு பல் உட்கார்ந்து வெளிச்சமே தெரியாது. வேறு என்றால் ஒரு ஓரம் உட்காரும், மறு ஓரத்தில் கீற்றுக் கீற்றாக வெளிச்சம் வரும். இப்போதே செய்து பாருங்கள்.

அடுத்து, பழைய கப்பு உண்மையிலேயே போய்விட்டதா? மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, தடத்தில் பால்பாயின்ட் பேனா முனையை மெதுவாக ஓட்டுங்கள். பள்ளம் இருந்தால் முனை தட்டும். பெரும்பாலும் முதலில் போவது ஆக்சில்தான். கப்பு நன்றாக இருந்தால் அதையே போட்டுவிட்டு ஆக்சிலும் பால்ஸும் மட்டும் மாற்றுங்கள். கால் அங்குல பால்ஸ், பக்கத்துக்கு 11. செயின் பக்கத்துக் கப்பைக் கழற்றவே வேண்டாம், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் இடது மரை, திருப்பும் திசை தலைகீழ். அது தெரியாமல் பலம் கொடுத்து இறுக்கிவிட்டு முழிப்பவர்கள் நிறைய.

ஆக்சில் வாங்கும்போது மொத்த நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பால்ஸ் தடம் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் முக்கியம். சாதாரண இங்கிலீஷ் ஃப்ரேமில் பி.பி. குழாயின் அகலம் 68 மி.மீ. உங்களுடையது 71 அல்லது 76 இருக்கும், அளந்து பாருங்கள். 68-க்கான ஆக்சிலைப் போட்டால் இடது கப்பு அளவுக்கு மீறி உள்ளே போகும், கப்பு நகராமல் இறுக்கும் லாக் ரிங் பிடிக்க வெளியே மரை மிஞ்சாது. பழைய ஆக்சிலைப் பக்கத்தில் படுக்க வைத்து ஒப்பிட்டு வாங்குவதே உத்தமம்.

காட்டர் பின் 9.5 மி.மீ. கேளுங்கள். பிரெஞ்சு சைக்கிளுக்கு வரும் 9 மி.மீ. பின்னும் உள்ளே போகும், ஆனால் பிடிக்காது. இரண்டு பின்னையும் எதிர் எதிராகப் போட வேண்டும், இல்லையென்றால் கிராங்க் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. அடுத்த முறை கழற்றும்போது கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டில்லாமல் அடிக்கிற ஒவ்வொரு அடியும் நேராகப் போய் விழுவது பால்ஸ் தடத்தில்தான். அந்த அம்மைத் தழும்பில் பாதி அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

காத்தடி:

டயர் மட்டும் நான் சொல்கிறேன். பின்னமாக எழுதினால் ஒரு அளவு, புள்ளி வைத்து எழுதினால் வேறு அளவு. பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் ரிம்முக்கு டயர் உட்காரும் விட்டம் 590 மி.மீ. கடைக்காரர் கொடுத்தது மலைச் சைக்கிளின் 559. முப்பத்தொரு மி.மீ. சின்னது, எப்படி ஏறும்? போதாததற்கு, 26 × 1½ என்றால் 584, அமெரிக்க ஷ்வின் சைக்கிளில் வரும் 26 × 1⅜ என்றால் 597. பேர் எல்லாம் 26, அளவு எல்லாம் வேறு. டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 37-590 என்று இருக்கிறதா பாருங்கள். அதை மட்டும் நம்புங்கள்.

நட்டுபோல்ட்டு:

பழையஇரும்பு அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் கப்பும் போயிருந்தால் என்ன செய்வது? 26 மரைக் கப்பு தேடியே ஒரு வருஷம் ஓடிவிடும். ஆக்சிலும் பேரிங்கும் ஒரே துண்டாக, ஃப்ரேம் மரையே தேவைப்படாத காட்ரிஜ் பி.பி. வருகிறது, இரண்டு பக்கமும் உள்ளே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சதுர முனை ஆக்சில், அதனால் கிராங்கும் மாற்ற வேண்டிவரும். காட்டர் பின் தொல்லையும் அத்தோடு ஒழிந்தது.

பழையஇரும்பு:

ஒழிந்ததுதான், கூடவே நாரை பொறித்த செயின் வீலும் ஒழிந்தது. ராலேயின் அழகே அதுதானேப்பா. கப்பு தேறவே தேறாது என்றால் மட்டும் அந்த வழிக்குப் போகலாம். இன்னொன்று, ஃபோர்க் மரையும் 26தான். ஃபோர்க்கின் மேல் கப்பு, லாக் நட் வாங்கும்போதும் இதே கதை.

கியர் விஷயத்தை மறந்துவிட்டேன். ஹப்பை மாற்றாதீர்கள். ஏ.டபிள்யூ ஹப் 1936-லிருந்து வருகிறது, சும்மா சாகாது. அதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதுவுமே பிடிக்காத ஒரு இடம் உண்டு. கேபிள் சரியாக இல்லையென்றால் அங்கே போய் நின்றுகொள்ளும். எழுந்து நின்று மிதிக்கும்போது நடந்தால் பல்லு போகும், ஜாக்கிரதை. லீவரை இரண்டாவதில் வைத்துவிட்டு, வலது பக்க நட்டில் இருக்கும் ஓட்டை வழியாகப் பாருங்கள். சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள் ஆக்சில் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி கேபிளை இழுத்தோ தளர்த்தோ விடுங்கள். ஹப்பில் சின்ன எண்ணெய் மூடி இருக்கும், ஒரு ஸ்பூன் லேசான மெஷின் எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம்.

மூணுகியர்:

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரிகிறது, 24தான். புது செட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பழைய கப்பு இரண்டிலும் பேனா முனை தட்டாமல் ஓடுகிறது. குழாய் அகலம் 71. கியருக்குக் கேபிளை ஒன்றரைச் சுற்று இழுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நேற்று மூன்று கியரும் பிடித்தது. எண்ணெய் விட்டதும் ஹப்பிலிருந்து கறுப்பாக ஒழுகி ஸ்போக்ஸ் எல்லாம் நாசம், அது நிற்குமா?

பழையஇரும்பு:

ரெண்டு நாள் ஒழுகும். பழைய அழுக்குதான், துடைத்துவிடுங்கள். ஆக்சில் கிடைத்ததும் தடத்துக்குத் தடம் தூரம் எவ்வளவு என்று இங்கே போடுங்கள், கப்பில் பொருத்துவதற்கு முன்னாடி.