இன்ஃபினிபேண்ட் மேல் ஈத்தர்நெட்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எட்டுக் கணினிகளை 40 கிகாபிட் இன்ஃபினிபேண்ட் (கணினிகளை இணைக்கும் அதிவேக வலையமைப்பு) அட்டைகளால் இணைத்திருக்கிறோம். மாவிலை நோயைப் படத்திலேயே கண்டறியும் மென்பொருளை மாணவர்கள் அதில்தான் உருவாக்குகிறார்கள்.

அட்டையில் பச்சை விளக்கு எரிகிறது, பிங்கும் போகிறது. ஆனால் மெய்நிகர் கணினிகளுக்காக அந்த இடைமுகத்தை லினக்ஸ் பிரிட்ஜில் (மென்பொருளாலான ஈத்தர்நெட் சுவிட்ச்) சேர்த்தால் உடனே மறுத்துவிடுகிறது. காரணம் புரிகிறது: இன்ஃபினிபேண்ட் இடைமுகத்தின் வன்பொருள் முகவரி 20 பைட், வழக்கமான ஈத்தர்நெட் வலையமைப்புக்கோ 6 பைட்தான்; மேலும் ஐபி பாக்கெட்டுகளை மட்டுமே அந்த இடைமுகம் சுமக்கும்.

அதனால் மேலே விஎக்ஸ்லேன் (ஈத்தர்நெட் தரவை ஐபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை) அமைத்தேன். பெரிய கோப்புகள் பாதியில் நின்றன. 2044 பைட் எம்டியூவில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) விஎக்ஸ்லேன் சேர்க்கும் 50 பைட்டைக் கழித்து, உள்ளே 1994 என்று வைத்ததும் சரியாகிவிட்டது. வேகம்தான் ஏறவே இல்லை.

இன்ஃபினிபேண்டில் பெரிய பாக்கெட்டுகளை அனுமதிக்கும் கனெக்டட் முறைக்கு மாறி 65520 எம்டியூ வைக்கலாமா? அல்லது எஸ்ஆர்-ஐஓவி (ஓர் அட்டையைப் பல மெய்நிகர் அட்டைகளாகப் பிரிக்கும் வசதி) வழியாக அட்டையை மெய்நிகர் கணினிக்கே நேரடியாகக் கொடுப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்; மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.