18,000 கட்டிப் போட்டோகிராபி ஒர்க்ஷாப் போகலாமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

வெள்ளி, இரவு 8:50

பிரபு: எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் இரண்டு நாள் கல்யாணப் போட்டோகிராபி ஒர்க்ஷாப் நடக்கிறது. கட்டணம் 18,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 21,240. நாளை இரவுக்குள் கட்டினால்தான் சீட் என்கிறார்கள். போகலாமா?

பெரியப்பா: கேமராவுக்கே இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாய். யூடியூபில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே, அதைப் பார்த்துக் கற்றால் போதாதா?

மல்லிகா அத்தை: அண்ணா, பிள்ளை தொழிலுக்காகக் கேட்கிறான். எடுத்தவுடன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். பிரபு, அங்கே என்னவெல்லாம் சொல்லித் தருவார்களாம்?

பிரபு: முதல் நாள் கேமரா செட்டிங், லைட்டிங். மதியம் மணப்பெண் அலங்காரத்தில் ஒரு மாடலை வைத்து ஷூட். மறுநாள் லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருளில் கலர் கரெக்‌ஷன், ஆல்பம் டிசைன், இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு. கடைசியில் சான்றிதழ் உண்டு அத்தை.

குமார் அண்ணன்: சான்றிதழை விடு. எந்தக் கல்யாண வீட்டிலும் அதைக் கேட்கமாட்டார்கள், ஆல்பத்தைத்தான் கேட்பார்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள்?

பிரபு: போஸ்டரில் போடவில்லை அண்ணா.

குமார் அண்ணன்: முதலில் அதைக் கேள். வால்பாறையில் ஒரு ஒர்க்ஷாப்புக்கு நான் போனேனே, நினைவிருக்கிறதா? இருவாச்சிப் பறவை பழம் தின்ன வரும் அத்தி மரத்தைப் பார்த்து மொத்தக் கூட்டமும் டிரைபாடை வரிசையாக நட்டு நின்றோம். சொல்லித்தர வந்தவர் ஷட்டர் வேகம் இத்தனை, வெளிச்ச உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ இத்தனை என்று உரக்கச் சொல்வார். எல்லோரும் அதையே வைப்போம். பறவை கிளையை விட்டு எழும்பியதும் எல்லோரும் ஒன்றாக அமுக்குவோம். ராத்திரி பார்த்தால் எல்லோர் கேமராவிலும் ஒரே படம். மறுநாள் மேகம் மூடிக்கொண்டது. அந்த எண்களை ஏன் வைத்தோம் என்று யாருக்கும் சொல்லாததால், பாதிப் பேருக்குக் கை ஓடவில்லை.

பெரியப்பா: அதைத்தானே நானும் சொல்கிறேன். வீண் செலவு.

குமார் அண்ணன்: இல்லை அப்பா, எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். அப்புறம் கோடியக்கரைக்குப் போனேன், அதற்குக் கொடுத்த காசு முழுக்கத் தகும். மொத்தம் ஆறே பேர். சொல்லித்தந்தவர் தன் கேமராவைத் தொடவே இல்லை. பூநாரைக் கூட்டம் தூரத்தில் நின்றது. கிட்டே போக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மேய்கிற பறவையைப் படத்துக்காக எழுப்பிவிட்டால் அது இரை தேடும் நேரம் கெட்டுப்போகும் என்றார். எனக்கு அந்த மனிதர் மீது அப்போதே மரியாதை வந்துவிட்டது. மதியம் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் மெமரி கார்டையும் திறந்தார். நான் எடுத்த வெளிமான் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாப் படத்திலும் மான் நட்டநடுவில் நிற்கிறது. ஃபோகஸ் புள்ளியை நீங்கள் நடுவிலிருந்து நகர்த்துவதே இல்லை” என்றார். யூடியூப் எனக்கு அதைச் சொல்லியிருக்காது. என் படத்தை அது பார்க்கவில்லையே.

சுந்தரம் மாமா: குமார் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நானும் அப்படித்தான் கற்றேன். அப்போது ஃபிலிம் காலம், ஒரு ரோலில் 36 படம். கல்யாணம் முடிந்து வந்ததும் முதலாளி கான்டாக்ட் பிரிண்ட் போடுவார். தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னப் படமாக மொத்த ரோலும் ஒரே தாளில் வரும். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் அடிப்பார். “இங்கே ஏன் நின்றுகொண்டே எடுத்தாய்? மாப்பிள்ளை தலையில் தூண் முளைத்திருக்கிறதே, கண் எங்கே இருந்தது?” என்பார். கேட்க வலிக்கும். ஆனால் அடுத்த கல்யாணத்தில் அந்தத் தூண் தானாகக் கண்ணில் படும்.

பிரபு: அப்படியானால் நீங்களே எனக்குச் சொல்லித்தரலாமே மாமா?

சுந்தரம் மாமா: தெரிந்ததைத் தருவேன் மாப்பிள்ளை. தெரியாததும் நிறைய இருக்கிறது. இன்றைக்கு மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, தலைக்கு மேல் எல்இடி விளக்கு, பக்கத்தில் வீடியோக்காரர் வெளிச்சம். உன் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்திருந்ததே, அதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

குமார் அண்ணன்: அதை நான் சொல்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகத்தை 1/500 நொடி என்று வைத்தால் படத்தின் ஒரு பகுதி விளக்கு மங்கிய நேரத்தில் பதிவாகிவிடும், அதுதான் பட்டை. 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். புதிய கேமராக்கள் பலவற்றில் ஆன்டி ஃப்ளிக்கர் என்று ஒரு வசதி இருக்கும், மெனுவில் தேடிப் பார். எல்இடி திரை மட்டும் வேறு கணக்கு, திரைக்குத் திரை மாறும். முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்துக்குப் போய் ஷட்டரை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துவிடு.

பிரபு: இது தெரியாமல் எத்தனை படத்தைத் தூக்கிப் போட்டேன் அண்ணா. இதற்கே காசு கொடுக்கலாம்.

குமார் அண்ணன்: இது கேமராவோடு வந்த கையேட்டிலும் யூடியூபிலும் கிடைக்கும். அப்பா சொன்னது இந்த இடத்தில் சரிதான். செட்டிங் கற்க மட்டும் காசு கட்டாதே. உன் படத்தை ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார் என்றால் கட்டு.

ஜெயந்தி அக்கா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். தம்பி, கோயம்புத்தூர் வந்தால் இங்கே நம் வீட்டில்தான் தங்க வேண்டும், ரூம் எல்லாம் போடாதே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குமார் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் பெரிய பெரிய ஒர்க்ஷாப் முடித்தவர் என்றுதான் அழைத்தோம். ட்ரோன் வந்தது, ரிசப்ஷன் படம் எல்லாம் அருமை. தாலி கட்டும்போது முதல் முடிச்சு குமார் போட்டான். அடுத்த இரண்டும் நாத்தனார் முடிச்சு, நான் போட்டேன். முதல் முடிச்சு விழுந்ததும் வேலை முடிந்தது என்று அவர் கூட்டம் அட்சதை போடுவதை எடுக்கத் திரும்பிவிட்டார். ஆல்பத்தில் ஓரமாக என் வளையல் மட்டும் தெரிகிறது. ஒரே தம்பி கல்யாணம். அதை இனி யார் எடுத்துத் தர முடியும்?

மல்லிகா அத்தை: எனக்கும் அது பெரிய மனக்குறைதான் ஜெயந்தி. ஆல்பம் வந்த அன்றைக்கு நீ அழுததை நான் பார்த்தேன்.

சுந்தரம் மாமா: கெட்டி மேளம் என்றதும் கூட்டமே எழுந்து நிற்கும், எல்லோர் கையிலும் போன் உயரும். அப்போது இடம் தேடினால் கிடைக்காது. பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார் எந்தப் பக்கம் வந்து நிற்பார், சாஸ்திரிகள் எங்கே உட்காருவார், எதற்குப் பிறகு எது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். முந்தின நாளே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரையும் சாஸ்திரிகளையும் கேட்டு வரிசையாக எழுதிக்கொள். ஸ்டூடியோ விளக்கில் ஒரு மாடலை உட்காரவைத்து இதைச் சொல்லித்தர முடியாது.

குமார் அண்ணன்: பிரபு, காலையில் அவர்களுக்குப் போன் செய். எத்தனை பேர், மாடல் ஷூட்டில் உனக்கு எவ்வளவு நேரம், உன் படங்களைப் பார்ப்பார்களா என்று கேள். சொல்லித்தருபவர் கடைசியாக எடுத்த ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் காட்டச் சொல். பொறுக்கிப் போட்ட பத்துப் படம் யாரிடமும் நன்றாகத்தான் இருக்கும். போக முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதையும் கேட்டுவிடு.

சனி, காலை 11:15

பிரபு: பேசிவிட்டேன். 40 பேர். மாடலை ஐந்து ஐந்து பேராக எடுக்கலாம், ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். நம் படங்களைப் பார்ப்பீர்களா என்றால், இரண்டாம் நாள் மாலை நேரம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். முழு ஆல்பம் கேட்டதற்கு இன்ஸ்டாகிராமைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பணம் திரும்ப வராது. அங்கே கொண்டுவரும் விளக்குகளைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாமாம்.

குமார் அண்ணன்: பத்து நிமிடத்தை ஐந்து பேர் பங்கு போட்டால் உனக்கு இரண்டு நிமிடம். அதுவும் வெளிச்சத்தை வேறொருவர் அமைத்துவைத்திருப்பார். அந்த மாடல் படத்தை உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டால் நீ எடுத்த கல்யாணம் என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். நம்மை நம்பி வருகிறவர்களிடம் அது சரியில்லை, போடவே போடாதே.

பெரியப்பா: பிரபு, கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் உழைப்பில் வந்த காசு போய்விடக் கூடாதே என்றுதான் நேற்று சொன்னேன். அந்த 21,000-ல் வேறு உருப்படியாக என்ன செய்யலாம் குமார்?

குமார் அண்ணன்: 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் சுமார் 10,000, 12,000-க்குக் கிடைக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். அவனிடம் இருக்கும், கேமராவோடு வந்த கிட் லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. இது ஏறக்குறைய ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு அந்த வித்தியாசம் படத்தில் அப்படியே தெரியும்.

சுந்தரம் மாமா: கூடவே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக நினைத்துத்தான் கணக்குப் போடும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டை ஃப்ரேமை நிறைத்தால் படம் மங்கும், ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், ஏற்று. பெண்ணின் அரக்குப் பட்டு நிறைத்தால் படம் வெளுத்து ஜரிகை எரிந்துவிடும், கொஞ்சம் இறக்கு. இருவரும் சேர்ந்து நிற்கும்போது முகத்தை மட்டும் பார்த்து வை.

பிரபு: குறித்துக்கொண்டேன் மாமா. இன்னொன்றும் விசாரித்தேன். தஞ்சாவூரில் தொழிலில் இருக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள் வகுப்பு எடுக்கிறார். ஆறு பேர்தான், 5,000 ரூபாய். ஒரே கல்யாணத்தில் எடுத்த எல்லாப் படங்களையும் எடிட் செய்யாமல், சொதப்பியதையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறார். போஸ்டர் எதுவும் கிடையாது.

சுந்தரம் மாமா: சொதப்பியதையும் கேட்கிறாரா? யோசிக்காமல் அங்கே போ.

பெரியப்பா: 5,000-ஐ நான் அனுப்புகிறேன். லென்ஸை நீ பார்த்துக்கொள்.

மறு ஞாயிறு, இரவு 9:30

பிரபு: தஞ்சாவூரிலிருந்து இப்போதுதான் வந்தேன். பஸ்ஸில் எல்லாம் எழுதிவைத்தேன், அப்படியே சொல்கிறேன். மெஹந்தி போடும் படத்தைத் தவிர மற்றதெல்லாம் நின்ற உயரத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். உட்கார்ந்து நடக்கும் சடங்கு எல்லாவற்றிலும் பெண்ணின் உச்சி வகிடுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. வீடியோக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று ஜூம் செய்தே எடுத்திருக்கிறேன். “மேடையில் ஏற உனக்குப் பயம், கேமராவில் கோளாறு இல்லை” என்றார். அவரே வீடியோக்காரரிடம் எப்படிப் பேசி இடம் பிரித்துக்கொள்வது என்று சொல்லித்தந்தார்.

மல்லிகா அத்தை: கண்ணா, அவர் அப்படிச் சொன்னதில் வருத்தப்பட்டாயா?

பிரபு: கொஞ்ச நேரம் கஷ்டமாக இருந்தது அத்தை. அப்புறம் இன்னொருவர் படங்களிலும் இதே விஷயத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடிந்தது, அது சந்தோஷமாக இருந்தது. ஃப்ளாஷை நேராக அடிக்காமல் கூரையில் அடித்துத் திருப்பும் முறையையும் செய்து பார்த்தோம். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால்தான் அது சரிப்படுமாம். உயரமான தகரக் கூரை மண்டபத்தில் வெளிச்சம் திரும்பி வராது.

குமார் அண்ணன்: பணம் பேசுவதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

பிரபு: ஒரு மணி நேரம் அதுதான். நான் ஆல்பம் பிரிண்ட் செலவையும் எடிட்டிங்குக்கு ஆகும் நாட்களையும் கணக்கில் சேர்க்காமலே விலை சொல்லிவந்திருக்கிறேன். எத்தனை படம், எத்தனை பக்க ஆல்பம், எந்தத் தேதிக்குள், அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

ஜெயந்தி அக்கா: அதே தாளில் கட்டாயம் எடுக்க வேண்டிய சடங்கு, எடுக்க வேண்டிய சொந்தக்காரர் பெயர் எல்லாம் வீட்டாரையே எழுதித்தரச் சொல் தம்பி.

பிரபு: நல்ல யோசனை அக்கா, சேர்த்துவிடுகிறேன். மாமா, அடுத்த முகூர்த்தம் முடிந்ததும் கார்டை உங்களிடம் கொண்டுவரலாமா?

சுந்தரம் மாமா: அன்று இரவே கொண்டு வா. எதையும் அழிக்காதே. அந்த வீட்டில் அட்வான்ஸ் வாங்கிவிட்டாயா?

பிரபு: இன்னும் இல்லை மாமா. நாளை காலை போய்க் கேட்கிறேன்.