கிரகணத்துக்கு உங்கள் வீட்டில் என்ன ஏற்பாடு? வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

வண்ணை வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

2027 ஆகஸ்ட் 2ஆம் தேதி சூரிய கிரகணம் என்று எட்டு வயது மகள் எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அன்று முதல் வீட்டில் ஒரே விசாரணை. "அம்மா, அன்றைக்கு நாம் மாடிக்குப் போவோமா, கதவைச் சாத்திக்கொள்வோமா?" நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் இரண்டு வழக்கமும் உண்டு.

கதவைச் சாத்திய கதை என் அம்மாவுடையது. 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. சூரியன் முழுதாக மறைந்தது கர்நாடகம், ஆந்திரம் பக்கம். சென்னையில் பெரும்பகுதி மறைந்தது. அப்போது எங்களுடையது ஓட்டு வீடு. பாட்டி காலையிலேயே ஜன்னல்களில் கஞ்சிப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டிவிட்டார். மேலே இருந்த சாளரத்தில் கோணிப்பையைத் திணித்தார். பிற்பகலில் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததாம். ஒரு குடம்கூட வரிசையில் இல்லையாம். கிரகணத்தைப் பற்றி அம்மாவுக்கு நினைவிருப்பதில் முக்கியமானது அதுதான். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் கேட்பாரற்று ஓடியது அந்த ஒரு நாள்தான் என்பார்.

இன்னொன்றும் சொல்வார். ஓட்டுச் சந்து வழியாக எப்போதும் சுவரில் விழும் வெளிச்சப் பொட்டு அன்று வட்டமாக இல்லையாம்; பிறையாக இருந்ததாம். பாட்டி பதறிப்போய் முறத்தை எடுத்து அதை மறைத்துச் சாய்த்து வைத்திருக்கிறார். பிறை முறத்தின் மேல் ஏறிக்கொண்டது. பிறகு எல்லோரும் சுவரைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

உங்கள் வீடுகளில் எப்படி? மகளுக்குச் சொல்ல நாலு கதை வேண்டும்.

காசிமேட்டுக்காரன்

எங்கள் பக்கம் 2019 டிசம்பர் 26ஐக் கிரகண நாள் என்று யாரும் சொல்ல மாட்டோம். அது சுனாமி நாள், 15ஆவது ஆண்டு. காலையில் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவுவோம். எங்கள் தெருவில் அன்று தொழிலுக்குப் போவதில்லை.

அதே நாளில் கிரகணமும் சேர்ந்துகொண்டதில் வதந்தி கிளம்பிவிட்டது. கிரகணம் உச்சத்துக்கு வரும்போது கடல் மறுபடி உள்ளே வரும் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. ஆக, கிரகணத்துக்கு எங்கள் வீட்டில் நடந்த ஏற்பாடு ஒரு மஞ்சள் பை. ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், படகின் பதிவுத்தாள், தங்கையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை. முதல் நாள் இரவே கட்டி வாசல் ஆணியில் மாட்டியாயிற்று. 2004இல் இதில் ஒன்றும் எங்களுக்கு மிஞ்சவில்லை. அதனால் அம்மாவைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை.

அப்பாதான் நிதானமாகச் சொன்னார்: "சூரிய கிரகணம் என்றைக்குமே அமாவாசையில்தான் வரும். அமாவாசைக்குக் கடல் கொஞ்சம் கூடுதலாக ஏறும், இறங்கும். மாதா மாதம் பார்ப்பதுதானே? சுனாமி வந்த அன்று பௌர்ணமி. கிரகணமா இருந்தது? சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது." சொல்லிவிட்டு அவரும் 8 மணிக்கே கரையில் போய் நின்றுகொண்டார். எல்லோரும் வானத்தைப் பார்க்க, அவர் 11 மணி வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்த கதைக்கு வருகிறேன். படகு பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்யும் சித்தப்பா மகன் வெல்டிங் கண்ணாடி இரண்டு கொண்டுவந்தான். முகமூடியில் போடும் சதுரக் கண்ணாடி ஒன்று. கேஸ் வெல்டிங்குக்குப் போடும் வட்டக் கண்ணாடி மற்றது. சூரியனைப் பார்க்க 14ஆம் எண் கண்ணாடி வேண்டும். பட்டறையில் சாதாரணமாகக் கிடப்பது 10, 11. கேஸ் வெல்டிங் கண்ணாடி அதற்கும் கீழே, 5 போல இருக்கும். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அன்று "கறுப்பாக இருந்தால் சரி" என்று அவன் வட்டக் கண்ணாடியை மாட்டி மேலே பார்த்துவிட்டான். சில நொடிதான். வலியே இல்லை என்றான். சாயங்காலம் படிக்க உட்கார்ந்தால் எழுத்தின் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு. பார்க்கிற இடமெல்லாம் அது முன்னால் போனது. மறைய மூன்று வாரம் ஆயிற்று. விழித்திரைக்கு வலி தெரியாது என்று கண் மருத்துவர் சொன்னார். வலித்தால் நாமே கண்ணை மூடிக்கொள்வோமே, அந்த எச்சரிக்கை இதற்குக் கிடையாது.

மூக்குக்கண்ணாடிக் கடை, தண்டையார்பேட்டை

காசிமேட்டுத் தம்பி சொன்னதை யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சி.டி., இரண்டு கூலிங்கிளாஸ் சேர்த்துப் போடுவது எல்லாம் ஒரே ரகம். வெளிச்சத்தைக் குறைப்பதால் கண் கூசாது. கூசாததால் நீண்ட நேரம் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரோ உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கிரகணக் கண்ணாடி வாங்கினால் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சை யாரும் அடித்துவிடலாம் என்பதால் வீட்டிலேயே ஒரு சோதனை: மாட்டிக்கொண்டு டியூப் லைட்டைப் பாருங்கள். தெரிந்தால் குப்பையில் போடுங்கள். சூரியனைத் தவிர வேறு எதுவும் அதில் சரியாகத் தெரியக் கூடாது. மடிப்பில் கீறல் விழுந்த போன கிரகணத்துக் கண்ணாடியைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், கொருக்குப்பேட்டை

வண்ணை வாசகிக்கு: உங்கள் பாட்டி முறத்தால் மறைத்தது கிரகணம் பார்க்கக் கண்ணுக்குப் பழுதில்லாத கருவியை! ஓட்டுச் சந்துதான் ஊசித்துளை. துளை எந்த வடிவத்தில் இருந்தாலும், சிறியதாக இருந்து சுவர் தூரமாக இருந்தால், விழுவது சூரியனின் பிம்பம். அது வட்டமாக விழும் நாளில் நாம் அதைச் சூரியன் என்று நினைப்பதே இல்லை.

2019இல் என் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. 26ஆம் தேதி காலை 8.08க்குப் பிடித்து 11.19க்கு விடுகிறது என்று செய்தித்தாளில் வந்த நேரம்தான் என் மனைவியின் பஞ்சாங்கத்திலும் ஏறக்குறைய இருந்தது. (இதில் வியக்க ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கக் கணக்கை வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர். நேரம் கணிப்பதில் எங்கள் வீட்டில் சண்டை இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் சண்டை.) மருமகள் உள்ளறையை விட்டு வரக் கூடாது, கத்தி, ஊசி தொடக் கூடாது, நகம்கூடக் கடிக்கக் கூடாது என்று முதல் நாளே உத்தரவாகிவிட்டது. அவளோ பி.எஸ்.சி. இயற்பியல். மாமியாரிடம் வாதாடவில்லை. என்னிடம் வந்து, "மாமா, தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் காட்டப் போகிறீர்கள், எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டாள்.

அவளால் வெளியே வர முடியாது. வெளிச்சம் உள்ளே வரலாமே?

எதிர்வீட்டு மொட்டை மாடியில் இடம் கேட்டேன். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் மேல் காலண்டர் அட்டையை ஒட்டி, நடுவில் சட்டைப் பித்தானைவிடச் சிறிதாக ஒரு துளை. கண்ணாடியை மூன்று செங்கல்லுக்கு நடுவில் சாய்த்து, தென்கிழக்குச் சூரியனை வாங்கி எங்கள் தெற்குப் பார்த்த ஜன்னல் வழியாக உள்ளறைச் சுவரில் விழ வைத்தோம். கணக்கு எளிது. தூரத்தை 109ஆல் வகுத்தால் பிம்பத்தின் அகலம். தெருவைத் தாண்டிச் சுவர் வரை 14 மீட்டர். 13 சென்டிமீட்டர் சூரியன் கிடைக்க வேண்டும். கிடைத்தது, குட்டி ஊத்தப்பம் அளவில். அறையில் ஜன்னலின் மற்ற பாகங்களைப் போர்வையால் மூடியிருந்தோம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: சூரியன் நிற்காதே! இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன் அகலம் முழுக்க நகர்ந்துவிடுகிறது. எதிர்மாடியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கண்ணாடிக்குக் காவல் வைத்தேன். பிம்பம் அலமாரிப் பக்கம் போனால் மருமகள் ஜன்னலுக்கு இந்தப்புறமிருந்து குரல் கொடுப்பாள். அவன் செங்கல்லை ஒரு தட்டுத் தட்டுவான். பிம்பம் துள்ளிப் போய்ச் சாமி படத்தின் மேல் விழும். மறுபடி குரல். மேகம் வந்தால் சுவர் வெறுமையாகிவிடும், மூவரும் காத்திருப்போம். கண்ணாடியை நேராகப் பார்க்கவே கூடாது என்று பையனுக்கும் அவளுக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பார்க்க வேண்டியது சுவரை.

என் மனைவி 9 மணி வரை அந்தப் பக்கமே வரவில்லை. பூஜை அறையில் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு உலக்கையை நிறுத்தி வைத்திருந்தாள். கிரகண நேரத்தில் மட்டும்தான் நிற்குமாம். (மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் நான் நிறுத்திப் பார்த்தேன். நின்றது. அடி தட்டையான உலக்கை நிற்காமல் என்ன செய்யும்? இதை இன்று வரை அவளிடம் சொல்லவில்லை.) பிறகு கதவருகே வந்து நின்று கேட்டாள்: "இது கிரகண வெயிலா, கண்ணாடி வெயிலா?" பதில் சொல்ல நான் வாயைத் திறக்கும் முன், மருமகள், "சுவர் மேல்தானே படுகிறது அத்தை, என் மேல் படவில்லையே" என்றாள். மனைவி கொஞ்சம் யோசித்தாள். ஒரு தர்ப்பையை எடுத்து வந்து அவள் மடியில் போட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் தானும் உட்கார்ந்தாள். 9.35க்குச் சூரியன் சுவரில் மெல்லிய பிறையாகக் கிடந்தது, முனைகள் லேசாக நடுங்கியபடி. மூன்றாம் பிறை மாதிரியே இருக்கிறதே என்று சொல்லி அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பேத்தி பிப்ரவரிக் கடைசியில் பிறந்தாள். உதடு பிளந்து பிறக்கும் என்று எச்சரித்த பக்கத்து வீட்டம்மாள் பெயர் சூட்டு விழாவில் மூன்று முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

மண்ணடி மைந்தன்

எங்கள் வீட்டில் கிரகணத்துக்கு முதல் ஏற்பாடு ஒளூச் செய்வது, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிக்கொள்வது. கிரகணம் பிடித்ததும் பள்ளிவாசலில் தனித் தொழுகை உண்டு. நீண்ட தொழுகை. சிறுவயதில் கால் வலிக்கும். நபிகளாரின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று கிரகணம் பிடித்ததாகவும், அந்தச் சாவுக்காகத்தான் பிடித்தது என்று மக்கள் பேசியதாகவும், யாருடைய இறப்புக்கும் பிறப்புக்கும் சூரிய சந்திரர்களுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகளார் அதை மறுத்ததாகவும் வாப்பா ஒவ்வொரு கிரகணத்துக்கும் சொல்வார். ஆகவே கர்ப்பிணியைப் பூட்டி வைக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது என்று பெருமையாக எழுதலாம்தான். ஆனால் என் உம்மா அக்காவை வெளியே விடவில்லை. "மார்க்கத்தில் இல்லை, ஆனால் தெருவில் எல்லோரும் செய்கிறார்கள்" என்பது அவர் சொன்ன காரணம்.

மறக்க முடியாதது 2020 ஜூன் 21. கொரோனா உச்சத்தில் சென்னையில் மறுபடி ஊரடங்கு போட்டிருந்தார்கள். அன்று ஞாயிறு, தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. பள்ளிவாசல் பூட்டியிருந்தது. மாடியில் குடும்பமாகத் தொழுதோம். 10.22க்குத் தொடங்கி நண்பகலில் உச்சம், மூன்றில் ஒரு பங்குதான் மறைந்தது. கண்ணாடி வாங்கக் கடை ஏது? உம்மாவின் பூந்திக் கரண்டியை எடுத்தேன். ஜூன் மாத நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். கரண்டியைத் தண்ணீர்த் தொட்டி ஏணி மேலிருந்து நீட்டிப் பிடித்தால் கீழே தரையில் வரிசை வரிசையாக எலி கடித்த அப்பளங்கள்! தாழப் பிடித்தால் வெறும் ஓட்டை நிழல்தான். அக்கம்பக்கத்து மாடிகளிலும் ஆள்கள். பல நாள் கழித்து முகங்களைப் பார்த்தோம், முகக்கவசத்துக்கு மேலே பாதி.

ஒற்றியூரான்

எல்லோரும் 2019ஐயே சொல்கிறீர்கள். 2022 அக்டோபர் 25ஐ விட்டுவிட்டீர்கள், தீபாவளிக்கு மறுநாள். எங்கள் வீட்டில் அதிரச டின், முறுக்கு டின், இட்லி மாவு, ஊறுகாய், தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பை. கோயில் தெருவில் சிறு கட்டு பத்து ரூபாய்க்கு விற்றார்கள். எனக்குத் தர்ப்பையில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதிரசத்தை இரண்டு மணி நேரமாவது யாரும் தொடாமல் காப்பாற்றியது அதுதான்.

5.14க்குப் பிடித்தது, அரை மணியில் சூரியனே மறைந்துவிட்டது. வடக்கே கோயில் நடை சாத்தியிருக்க, நாங்கள் கிரகணக் கண்ணாடியோடு மாடியில் மேற்கே திரும்பி நின்றோம். மணலிப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன், ஓரத்தில் நகத்தால் கிள்ளிய மாதிரி ஒரு குறை. நூற்றுக்கு எட்டுப் பங்குதான். "இதற்கா இத்தனை தலைக்குளியல்?" என்றான் என் தம்பி. கிரகணம் விட்ட பிறகு குளிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சூரியனே போன பிறகு விட்டதை எப்படிப் பார்ப்பது என்று பாட்டிக்கும் அவனுக்கும் ராத்திரி வரை வழக்கு.

வண்ணை வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

மகளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவளுக்கு வேண்டியது வாத்தியாருடைய கண்ணாடி. ஐயா, அதை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

ஓய்வுபெற்ற வாத்தியார், கொருக்குப்பேட்டை

இருக்கிறது. ஒரு மூலை உடைந்திருக்கிறது, அட்டை போட்டால் தெரியாது. சிக்கல் வேறு: எதிர்வீட்டில் இன்னும் ஒரு மாடி எழுப்பிவிட்டார்கள். 2027இல் நமக்குப் பகுதி கிரகணம்தான், அதுவும் மாலையில். மேற்குச் சூரியன் தடையில்லாமல் விழும் மாடி வேண்டும். உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்?

வண்ணை வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

கிழக்குப் பக்கம். சுவரும் வெள்ளைதான், போன பொங்கலுக்கு அடித்தது.