மருந்து சோதனை முறைக்குப் பச்சை மதிப்பெண்: உங்கள் ஆய்வகத்தில் எப்படி?

மலேசியாவின் பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். இப்போது ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. பாராசிட்டமால் சரியான அளவில் இருக்கிறதா என்று எச்.பி.எல்.சி. கருவியில் பார்ப்போம்; கரைப்பானோடு மாதிரியை ஒரு குழாய் வழியே ஓடவிட்டு, மருந்தைப் பிரித்து அளக்கும் கருவி அது. நிமிடத்துக்கு 1 மில்லி கரைப்பான் ஓடும். எட்டு மணி நேரத்தில் அரை லிட்டருக்குப் பக்கம் கழிவாகிவிடும்.

எங்கள் முறை சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று ஓர் அறிக்கை வந்தது. ஒரு சோதனை முறை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு உகந்தது என்று மதிப்பிடும் 'அக்ரி' (AGREE) என்ற கணக்கீடு அது, 2020இல் வெளியானது. 12 கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் 0 முதல் 1 வரை மதிப்பெண் வரும். எங்களுக்கு நல்ல பச்சை. கழிவுக்கு என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன்: ஒரு மாதிரியை ஒருமுறை செலுத்தும்போது வெளியேறும் அளவு மட்டும்! காலையில் கருவி நிலைப்படும் வரை ஓடுவது, ஒப்பிடுவதற்கான, அளவு தெரிந்த தரமாதிரியை ஐந்து முறை செலுத்துவது, மாலையில் குழாயைக் கழுவுவது எதுவும் கணக்கில் இல்லை. ஒரே பேட்ச் (ஒரு தடவையில் தயாரித்த மாத்திரைத் தொகுதி) வரும் நாளில் மாதிரியைவிட இவைதான் அதிகம் குடிக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொன்னேன், பச்சை வெளுத்தது. எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பதையும் நாமே மாற்றலாம் என்பதால், எடையைச் சொல்லாத மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

இதே வேலைக்கான இன்னொரு கணக்கீடான 'எக்கோ ஸ்கேல்' 100இல் தொடங்கிப் புள்ளிகளைக் கழிக்கும். 75ஐத் தாண்டினால் மிக நன்று. ஆனால் ஒரு மாதிரிக்கு 10 மில்லிக்கு மேல் கழிவு என்றால் 12 மில்லிக்கும் 120 மில்லிக்கும் கழிப்பது ஒரே 5 புள்ளிதான்.

கூலிம் மாணவி: அக்கா, கரைப்பானில் அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் எத்தனால் போட்டால் சரியாகிவிடாதா?

பீடோங்: நச்சு குறையும்மா, அது பெரிய விஷயம். ஆனால் தண்ணீரோடு சேர்ந்தால் எத்தனால் கலவை எளிதில் ஓடாமல் பாகுபோலாகி அழுத்தம் ஏறும், குழாயைச் சூடாக்க வேண்டி வரும். 210 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளியை அதுவே உறிஞ்சும், அந்த ஒளியை வைத்து அளக்கும் மருந்துக்கு ஆகாது. கருவி தாங்கினால் உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர் உள்ள குழாயை 2.1க்கு மாற்றிப் பார். குழாய்க்குள் அதே வேகத்தில் ஓடக் கரைப்பான் ஐந்தில் ஒரு பங்குதான். எதை மாற்றினாலும் முறையைச் சரிபார்த்த பிறகே மருந்துக்குப் பயன்படுத்த வேண்டும்.

சுங்கை சிப்புட்: தங்கச்சி, என் மனைவி தோட்டத்தில் பாராகுவாட் களைக்கொல்லி அடித்தவர். 2020இல் தடை வந்தது, அதற்குள் எத்தனை வருஷம். உங்கள் கழிவு டிரம் எங்கே போகிறது?

பீடோங்: சாக்கடைக்கு இல்லை, அண்ணே. 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு. லேபிள் ஒட்டி, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அனுப்பும்போது டிரம்மை எடை போடுவோம். அந்த எடையைச் சோதித்த பேட்சுகளால் வகுத்து மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.