பேஸ் கிட்டாரை எதை வச்சு அடையாளம் சொல்றது? மதுரைக் கண்காட்சி அட்டைகளைப் பத்தி

வைகைக்கரை:

போன வாரம் மதுரையில ஒரு கல்லூரி இசை மன்றத்துப் பிள்ளைங்க ராக் இசைக்காரங்களோட வித்தியாசமான பேஸ் கிட்டார் படங்களை வரிசையா மாட்டி, ஒவ்வொண்ணுக்கும் கீழ பேர் அட்டை வச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல இப்படி ஒரு கண்காட்சி அபூர்வம். நின்னு நிதானமாப் பார்த்தேன். ஜீன் சிம்மன்ஸோட கோடாலி பேஸ், பூட்ஸி காலின்ஸோட நட்சத்திர பேஸ், இதெல்லாம் வாசல்லயிருந்து பார்த்தாலே தெரியும். சிக்கல் மத்ததுலதான். மூணு அட்டை எனக்கு ஒப்புதல் இல்லை.

முதல்ல பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி. படம் 1964 பிப்ரவரியில அமெரிக்க டிவியில வந்த எட் சல்லிவன் நிகழ்ச்சியில எடுத்தது. அட்டையில "1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர்" அப்படின்னு போட்டிருக்கு. ஹாஃப்னர்ங்கிறது ஜெர்மன் கம்பெனி. வயலின் உருவத்துல இருக்கிற அந்த 1961 பேஸ்ல ரெண்டு பிக்கப்பும் (தந்தி அதிர்வை மின்சாரமா மாத்துற காந்தக் கட்டை) நெக் (கழுத்து) பக்கமே நெருக்கமா இருக்கும். படத்துல ஒண்ணு நெக் ஓரமாவும் இன்னொண்ணு பிரிட்ஜ் (உடம்புல தந்தி நிக்கிற முனை) பக்கமாவும் தள்ளித் தள்ளி இருக்கு. அது 1963-ல அவருக்கு வந்த ரெண்டாவது ஹாஃப்னர்.

அடுத்தது டோனி லெவின். "பத்துத் தந்தி பேஸ் கிட்டார்" அப்படின்னு எழுதியிருக்காங்க. அது சாப்மன் ஸ்டிக். தட்டி வாசிக்கிற கருவி, அதைக் கிட்டார்னு சொல்றது சரியில்லை. மூணாவது ஜேக்கோ பாஸ்டோரியஸ். "ஃபென்டர் ஜாஸ் பேஸ், 1962", அவ்வளவுதான் எழுதியிருக்கு. அதுல ஃப்ரெட்டே (நெக்குல குறுக்கே பதிச்சிருக்கிற உலோகக் கம்பி) கிடையாதுங்கிற விஷயத்தை விட்டுட்டு அந்த பேஸைப் பத்தி என்னத்தைச் சொல்ல?

தெப்பக்குளம் செல்வம்:

அண்ணே, நான் ஆர்கெஸ்ட்ராவுல பேஸ் வாசிக்கிறவன். ராஜா சார் பாட்டுக்கு வாசிச்சுப் பழகின கை. எனக்கு ஒரு பேஸை அடையாளம் காட்டுறது காதுதான். ஹாஃப்னர்னா உள்ளே பொள்ளலான உடம்பு, 30 அங்குல ஸ்கேல், அதாவது தந்தி அதிர்ற நீளம். அதனால அந்தப் பொத்துப் பொத்துன்னு வர்ற உருண்டையான சத்தம். ஃபென்டர் 34 அங்குலம், அது கணீர்னு நிக்கும். கண்காட்சிக்கு வர்ற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இது. 1961-ஆ 1963-ஆன்னு பிக்கப் இடைவெளியை அளந்து என்ன ஆகப் போகுது? ரெண்டும் ஒரே 500/1 மாடல்தானே?

நாலுதந்தி:

நான் அந்த மன்றத்துல இருக்கேன். அட்டை எழுதுனது வேற குழு. ஆனாலும் அவங்க பக்கத்தைச் சொல்லியாகணும். வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு பேஸுக்கும் சாதா கிட்டாருக்குமே வித்தியாசம் தெரியாது. அவங்களுக்கு உருவம், பேர், வாசிச்சவர் யாரு, இது போதும்னு முடிவு பண்ணினாங்க. செல்வம் அண்ணா சொல்றதுல எனக்கு நியாயம் தெரியுது.

வைகைக்கரை:

செல்வம், நீங்க சொன்ன காதையே எடுத்துக்குவோம். பிக்கப் நெக் பக்கம் இருந்தா சத்தம் உருண்டையா வரும், பிரிட்ஜ் பக்கம் போகப் போகக் கூர்மையாகும். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்ப இடைவெளி மாறினா நீங்க கேட்கிற சத்தமும்தானே மாறுது?

இன்னொண்ணு இருக்கு. அந்த 1961 பேஸ் 1972-ல லண்டன்ல வேன்ல இருந்து திருடு போச்சு. உலகம் பூரா தேடினாங்க. 2024 பிப்ரவரியிலதான் அது அவர் கைக்குத் திரும்பி வந்துருச்சுங்கிற சேதி வெளியாச்சு. ஹாஃப்னர் நிறுவனமே பரிசோதிச்சு இதுதான்னு உறுதி சொன்னாங்க. ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கின பேஸ், அரை நூற்றாண்டு கழிச்சுக் கிடைச்சிருக்கு. தேடினவங்க "ரெண்டும் ஒரே மாடல்தானே"ன்னு இருந்திருந்தா எதைத் தேடியிருப்பாங்க? வேற பேஸோட படத்துக்குக் கீழ அந்தக் கதையை எழுதி வைக்கிறதை என்னால ஏத்துக்க முடியலை.

நாலுதந்தி:

திருட்டுக் கதை எனக்குத் தெரியாது அண்ணே. மெக்கார்ட்னி அட்டையை மாத்தச் சொல்லி நாளைக்கே பேசுறேன். ஆனா ரிக்கன்பேக்கர் படங்கள்ல பேரு பேஸோட தலையிலேயே (தந்தியை முறுக்குற முனை) தெளிவாத் தெரியுது. யெஸ் குழு கிறிஸ் ஸ்குவயரும் மோட்டார்ஹெட் குழு லெம்மியும் வச்சிருக்கிறது. அதுலயாவது பேரைப் படிச்சு எழுதினாப் போதும்தானே?

சிம்மக்கல் பட்டறை:

தங்கச்சி, போதாது. நான் ரிப்பேர் பார்க்கிறவன், கையில எடுத்துப் பார்த்ததை வச்சுச் சொல்றேன். ரிக்கன்பேக்கர்ல பேர் எழுதியிருக்கிறது டிரஸ் ராடை (நெக் வளையாம இருக்க உள்ள போட்ட இரும்புக் கம்பி) மூடுற சின்னத் தகடு. திருகாணியில நிக்குது. கழட்டி வேற பேஸ்ல மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். எழுபதுகள்ல 4001 மாடலுக்கு ஜப்பான்ல நகல் நிறையச் செஞ்சாங்க. முன்னாடி இருந்து பார்த்தா அச்சா ஒண்ணா இருக்கும். பின்னாடி திருப்பிப் பாருங்க. அசல்ல நெக் மரம் உடம்புக்குள்ள கடைசி வரைக்கும் ஓடும். நகல்கள்ல பலதும் நாலு போல்ட் போட்டு நெக்கைப் பிடிச்சிருக்கும். பேரை மாத்துறது லேசு. நெக் ஜாயிண்டை மாத்தணும்னா பேஸையே புதுசாச் செய்யணும். அதனால நான் பேரைக் கடைசியாத்தான் பார்ப்பேன்.

தலையில்லாத பேஸும் இப்படித்தான். ரஷ் குழு கெடி லீ கையில இருக்கிறது ஸ்டைன்பெர்கர், அந்த அட்டை சரி. கார்பன் ஃபைபரும் எபாக்ஸிப் பிசினும் சேர்த்து வார்த்தது. நம்ம சித்திரை வெயில்ல மேடையில வச்சாலும் நெக் அசையாது. மர நெக் வச்சுக்கிட்டு மத்தியானத்துல ஒரு சுருதி, ராத்திரி கச்சேரியில ஒரு சுருதின்னு அல்லாடுறவங்களுக்கு அதோட அருமை தெரியும். ஆனா அதே உருவத்துல ஹோனர் கம்பெனி ஸ்டைன்பெர்கர்கிட்ட உரிமம் வாங்கி மரத்துல செஞ்சது. கறுப்புப் பெயின்ட் அடிச்சிருந்தா படத்துல பிரிச்சுச் சொல்றது ரொம்பக் கஷ்டம். தலை இல்லைன்னதும் ஸ்டைன்பெர்கர்னு எழுதிரக் கூடாது.

திருநகர் வாசகன்:

ஜேக்கோ ராக் கலைஞரா? ஜாஸ் ஆளாச்சே. அந்தப் படமே அங்க வேணுமா?

வைகைக்கரை:

ராக் பேஸ் வாசிக்கிறவங்க பல பேர் ஃப்ரெட்லெஸ்ஸை (ஃப்ரெட் இல்லாத பேஸை) தொட்டதே அவரைக் கேட்டுத்தான். மெட்டாலிகாவோட ராபர்ட் ட்ருஹியோ பணம் போட்டு உதவித்தான் திருடு போயிருந்த ஜேக்கோவோட அந்த ஜாஸ் பேஸ் அவர் குடும்பத்துக்குத் திரும்பி வந்துச்சு. படம் இருக்கட்டும். அட்டைதான் பிரச்சினை.

தெப்பக்குளம் செல்வம்:

அந்த அட்டையில எனக்கு மாத்துக் கருத்து இல்லவே இல்லை. உடம்பு ஃபென்டர், நெக் ஃபென்டர், பிக்கப் ஃபென்டர். ஃப்ரெட்டைப் பிடுங்கினதால கம்பெனி மாறிருமா? கோயில் தேருக்கு மரச் சக்கரத்தை எடுத்துட்டு இரும்புச் சக்கரம் போட்டா அது வேற தேராயிருமா? ஜாஸ் பேஸ்னு எழுதியிருக்கு, அது ஜாஸ் பேஸ்தான். சத்தம் அவர் விரல்ல இருந்து வந்துச்சு.

வைகைக்கரை:

தேர் ஓடுற பாதை மாறலை செல்வம். இங்க வாசிக்கிற முறையே மாறிருச்சு. ஃப்ரெட் எடுத்த பள்ளத்தை அடைச்சாரு, ரவுண்ட்வவுண்ட் தந்தி (மேல சொரசொரப்பாக் கம்பி சுத்தினது) மரத்தை அறுக்கும்னு படகுக்குப் பூசுற எபாக்ஸியை மேல பூசினாரு. அந்தப் பாட்டுப் பாடுற சத்தத்துக்கு அந்தக் கெட்டியான பூச்சும் ஒரு காரணம். ஃபென்டர் தொழிற்சாலையில இருந்து அப்படி எபாக்ஸி பூசின ஃப்ரெட்லெஸ் ஜாஸ் பேஸ் அன்னைக்கு வெளிய வரலை. ரோலிங் ஸ்டோன்ஸ் பில் வைமன் 1961-லேயே ஒரு மலிவு விலை பேஸ்ல ஃப்ரெட்டைப் பிடுங்கி வாசிச்சாரு. அதுக்குக் கீழ வெறும் கம்பெனிப் பேரை எழுதினா யாருக்கு என்ன புரியும்?

தி ஹூ குழு ஜான் என்ட்விஸிலோட "ஃபிராங்கன்ஸ்டைன்" பேஸை எடுத்துக்கங்க. அஞ்சு உடைஞ்ச ஃபென்டர் பேஸ்களோட பாகங்களைச் சேர்த்து அவரே பூட்டினது. எல்லாப் பாகமும் ஃபென்டர்தான். உங்க கணக்குப்படி அதுவும் "ஃபென்டர் பிரிசிஷன்"னு முடிஞ்சிரும்.

தெப்பக்குளம் செல்வம்:

முடியட்டுமே அண்ணே. அட்டையில கம்பெனி, மாடல். கதையைச் சொல்ல பக்கத்துல ஒரு பிள்ளையை நிப்பாட்டுங்க. எல்லாத்தையும் அட்டையில திணிச்சா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. மேடையில நிக்கிறவன் சொல்றேன், ஜனங்க வாசிச்சவனைத்தான் ஞாபகம் வச்சுக்கிறாங்க.

நாலுதந்தி:

ஒரு சந்தேகம். ஜேக்கோ படத்துல நெக்குல கோடு கோடாத் தெரியுதே? அதனாலதான் எங்க குழு அதை ஃப்ரெட்டுன்னு நினைச்சுது. தூரத்துல எடுத்த படத்துல எப்படிப் பிரிக்கிறது?

சிம்மக்கல் பட்டறை:

அது அடைச்ச பள்ளத்தோட கோடு. மேடை விளக்குல ஃப்ரெட்டு உலோகம் பளிச்சுன்னு மின்னும், அடைச்ச கோடு மங்கலாவே கிடக்கும். வெளிச்சம் சரியில்லைன்னா இடது கையைப் பாருங்க. ஃப்ரெட் உள்ள பேஸ்ல விரல் ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி அழுத்தும். ஃப்ரெட்லெஸ்ல சுருதி சேரணும்னா விரல் கோட்டுக்கு மேலேயே விழணும். பேஸ் பொய் சொன்னாலும் கை சொல்லாது. சீப் ட்ரிக் குழு டாம் பீட்டர்ஸன் படத்துக்கும் இதே மாதிரி பார்க்கணும். பன்னெண்டு தந்தி இருந்தாலும் மூணு மூணா நாலு கட்டுதான். ஒரு பேஸ் தந்திக்கு ரெண்டு மெல்லிசுத் தந்தி துணை. அவர் கை நாலு தந்தி வாசிக்கிற கைதான்.

தெப்பக்குளம் செல்வம்:

கையைப் பார்த்து அடையாளம் சொல்றதுன்னா நான் சேர்ந்துக்கிறேன். ஆனா அட்டையில ஃபென்டர்தான் முதல் வரி. அதுல இருந்து இறங்க மாட்டேன்.

வைகைக்கரை:

நான் முதல் வரியில "ஃப்ரெட் நீக்கியது"ன்னு கேட்பேன்.

நாலுதந்தி:

மெக்கார்ட்னி அட்டை மாறுது, குழுவுல பேசிட்டேன். ஜேக்கோ அட்டைக்கு எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. பட்டறை அண்ணே, கண்காட்சி முடியுறதுக்குள்ள வந்து பிள்ளைகளுக்கு நேர்ல காட்ட முடியுமா?

சிம்மக்கல் பட்டறை:

சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன் தங்கச்சி. ஃப்ரெட் எடுத்த நெக் ஒண்ணும் ஃப்ரெட் உள்ளது ஒண்ணும் கொண்டாரேன். செல்வத்தையும் கூட்டியாங்க, ரெண்டுலயும் வாசிச்சுக் காட்டட்டும்.

வைகைக்கரை:

ஸ்டிக் அட்டையை விட்டுறாதம்மா. எம்மெட் சாப்மன் 1974-ல விற்பனைக்குக் கொண்டு வந்தது. மீட்டுறதே கிடையாது, ரெண்டு கை விரலும் தந்தியைத் தட்டித்தான் சத்தம் வரும். லெவின் 1981-ல கிங் கிரிம்சன் குழுவுல வாசிச்சதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க. பேஸ் வேலையைத்தான் அவர் அதுல செஞ்சாரு, அதனால படம் அந்த வரிசையிலேயே இருக்கலாம். "கிட்டார்" மட்டும் வேணாம்.